காற்றூட்டினால் மட்டும் ஆறு தெளியுமா?

விருதுநகருக்குச் சென்று வரும் நமது ஆமத்தூர் அங்கத்தினர்கள் கௌசிகா நதியின் நிலையை நேரில் கண்டிருப்பார்கள். நகரின் சாக்கடை நீரைச் சுமந்து அது குல்லூர்சந்தை நீர்த்தேக்கத்தை அடைகிறது. இத்தகைய நீரில் காற்றூட்டும் இயந்திரங்களை அமைத்துவிட்டால் பாசியும் நாற்றமும் தீர்ந்துவிடும் என்று கூறுவோர் உளர். இயந்திரத்தை நாம் வெறுப்பவரல்லர். ஆயினும், அதனால் ஆவது எது, ஆகாதது எது என்பதை அறிந்த பின்னரே பொதுப்பணத்தைச் செலவிடல் வேண்டும் என்பது நமது கருத்து.

பாசியைச் செழிக்கச் செய்வதில் முதன்மையானது பாஸ்பரஸ். சாக்கடையாலும், சலவைத் தூளாலும், வயலிலிருந்து அடித்துவரப்படும் மண்ணாலும் அது நீரை அடைந்து சேற்றில் படிகிறது. நீரில் பிராணவாயு உள்ளவரை சேற்றின் மேற்பரப்பிலுள்ள இரும்பு துருவாக நின்று அதனைப் பற்றிக்கொள்ளும். பிராணவாயு அற்றதும் துரு கரையும், பாஸ்பரஸ் விடுபட்டு நீரில் ஏறும், பாசி பெருகும். அப்பாசி மடிந்து அழுகும்போது எஞ்சிய பிராணவாயுவும் தீர்ந்துபோகும். காற்றூட்டல் இச்சுழலைத் தளர்த்தும்; துர்நாற்றம் குறையும்; மீன்கள் பிழைக்கும். இஃது உண்மையே.

ஆனால் அப்பிடிப்பு சேற்றின் மேல்தோலளவே. இயந்திரம் நின்றால் பிடிப்பும் விடும். சேற்றைக் கலக்குமாறு அதனை அமைத்தால் கேடு மிகும். சாயமேற்றப் பயன்படும் சோடியம் சல்பேட் கலந்த கழிவு சேர்ந்தாலோ, சேற்றில் அது சல்பைடாக மாறி இரும்பைத் தன்னுடன் பிணைத்துக்கொள்கிறது. பாஸ்பரஸைப் பற்ற இரும்பு மிஞ்சுவதில்லை.

தேங்கிய நீரில் கிடைத்த அனுபவமும் இதனையே காட்டுகிறது. சுவிட்சர்லாந்தின் செம்பாக், பால்டெக் ஏரிகளில் 1980களில் பிராணவாயு செலுத்தத் தொடங்கினர். பத்தாண்டு விளைவை ஆராய்ந்து 1998இல் வெளியான முடிவு யாது? சேற்றிலிருந்து எழும் பாஸ்பரஸ் அதனால் குறையவில்லை என்பதே. வெளியிலிருந்து வரும் வரத்தைக் குறைத்ததே ஏரிகளுக்குப் பயனளித்தது.

ஆகவே முதற்கடமை வரத்தைத் தடுப்பதே. சாக்கடை நீர் பாஸ்பரஸ் நீக்கப்பட்ட பின்னரே நதியை அடைதல் வேண்டும். நெசவாளர் சாயக் கழிவை ஓடையில் விடலாகாது. விவசாயிகள் மண் பரிசோதனைக்குப் பின்னரே டி.ஏ.பி. இடுதல் நன்று. அவ்வுரத்தின் மணிச்சத்து நூற்றுக்கு 46 பங்கு; வரப்பு உடைந்து மண் ஓடினால், நாம் காசு கொடுத்து வாங்கிய அச்சத்தும் உடன் ஓடிப் பாசிக்கே உணவாகிறது. கண்மாய் வண்டலை வயலுக்கு எடுத்துச் செல்லும் முன்னோர் வழக்கமும் சேற்றின் சத்தைத் திரும்பப் பெறும் வழியே. கழிவுநீர் தேங்கிய இடத்து வண்டலாயின், அதில் நச்சு உலோகங்கள் உளவா என்று சோதித்தறிந்த பின்னரே எடுத்தல் வேண்டும்.

இவையனைத்தும் நடந்த பின் காற்றூட்டும் இயந்திரம் நல்ல துணையாகும். இவையின்றி அது ஓயாத மின்செலவேயாகும். வரும் மகாசபைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனை விவாதித்து, தத்தம் பங்கை முதலில் தீர்மானிக்குமாறு வேண்டுகிறோம்.