பெட்டியைப் பிரிக்கும் முன் ஒரு கேள்வி

கும்பகோணத்தில் ஒரு வீடு. அம்மாவுக்கு வயது 60. அவர் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு வயது 6. காலையில் முழுதாக சார்ஜ் ஏற்றினாலும் மதியச் சாப்பாட்டுக்குள் பேட்டரி படுத்துவிடும். தீபாவளிக்கு வந்த பெங்களூரு மகன், அம்மாவுக்காகப் புது ஐபோன் ஒன்றை வாங்கி வந்திருந்தான்.

"எங்க எல்லார்கிட்டயும் இதுதாம்மா. நீயும் மாறிடு" என்றான்.

உள்ளூரில் இருக்கும் மகளுக்கு இதில் சம்மதம் இல்லை. "அம்மாவுக்கு இப்பத்தான் இந்தப் போனே கைக்குப் பழகியிருக்கு. மறுபடியும் முதல்லேர்ந்தா? நீ ஊருக்குப் போயிடுவே அண்ணா, பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கப்போறது நான்தான்."

கேமரா, பேட்டரி, பாதுகாப்பு என்று அரை மணி நேரம் பேச்சு ஓடியது. மகன் பெட்டியைப் பிரிக்கப்போன நேரத்தில், அதுவரை கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா மெதுவாகக் கேட்டார்.

"அப்பா பேசி அனுப்பினதெல்லாம் இதுலதானே இருக்கு. அதெல்லாம் அந்தப் போனுக்கு வருமாப்பா?"

இருவரிடமும் பதில் இல்லை. அப்பா இறந்து 2 வருடம் ஆகிறது. டைப் செய்யச் சோம்பல்பட்டு, எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் குரலாகவே அனுப்பியவர் அவர். 'கடைத்தெருவுலதான் இருக்கேன், வேற ஏதாவது வாங்கணுமா?' என்பது போன்ற சின்னச் சின்னப் பேச்சுகள். அம்மாவுக்கு அந்தப் போனின் மதிப்பே அவைதான்.

'ஆண்ட்ராய்டா, ஐபோனா, எது நல்லது?' என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். இரண்டுமே நல்ல போன்கள்தான். அம்மா கேட்டதே சரியான கேள்வி: மாறினால் எது கூட வரும், எது வராது?

பேக்கப் இருந்தால் போதுமா?

'வாட்ஸ்அப் பேக்கப் இருக்கிறதே' என்று பலரும் நிம்மதியாக இருப்பார்கள். ஒரு ஆண்ட்ராய்டிலிருந்து இன்னொரு ஆண்ட்ராய்டுக்குப் போனால் அந்த நிம்மதி சரிதான். ஆனால் ஆண்ட்ராய்டில் அந்த பேக்கப் கூகுள் கணக்கில் சேமிக்கப்படுகிறது, ஐபோனில் ஐக்ளவுடில். ஒன்றில் இருப்பதை மற்றொன்றால் திறக்க முடியாது.

அதற்குத் தனி வழி 2022-ல் வந்தது. ஆப்பிளின் 'மூவ் டு ஐஓஎஸ்' என்ற ஆப்பைப் பழைய ஆண்ட்ராய்டு போனில் இறக்கிக்கொண்டால், வாட்ஸ்அப் உரையாடல்கள், படங்கள், குரல் செய்திகள் எல்லாம் ஐபோனுக்குப் போகும். ஆனால் சில நிபந்தனைகள் உண்டு. இரண்டு போனிலும் அதே எண்தான் இருக்க வேண்டும். ஐபோன் இன்னும் செட்டப் செய்யப்படாத புதுப் போனாக இருக்க வேண்டும். அவசரப்பட்டு எல்லாவற்றையும் செட்டப் செய்துவிட்டால், போனை ரீசெட் செய்து முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். மகன் பெட்டியைப் பிரிக்காமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்குப் போகிறவர்களுக்கும் வாட்ஸ்அப்பை மாற்ற வழி உண்டு. இரண்டு போன்களையும் கேபிளால் இணைத்து, புதுப் போனை செட்டப் செய்யும்போதே மாற்றலாம். அவர்கள் மறக்கக்கூடாத இன்னொன்று, பழைய ஐபோனில் ஐமெசேஜை நிறுத்துவது. இல்லையென்றால் ஐபோன் வைத்திருக்கும் நண்பர்கள் அனுப்பும் மெசேஜ்கள் புதுப் போனுக்கு வராமல் போகலாம்.

எவை சுலபம், எவை சிரமம்?

ஜிமெயில், கூகுள் போட்டோஸ், யூடியூப் எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வேலை செய்யும். போன் நம்பர்கள் கூகுள் கணக்கில் இருந்தால் கவலை இல்லை. சிம்மிலோ போனிலோ மட்டும் இருந்தால், முதலில் அவற்றைக் கூகுள் கணக்குக்கு மாற்றிவிடுவது நல்லது. தமிழில் டைப் செய்ய ஐபோனிலேயே கீபோர்டு உண்டு.

சிரமம் தருபவை வேறு. ப்ளே ஸ்டோரில் காசு கொடுத்து வாங்கிய ஆப்கள் ஐபோனுக்கு வராது; வேண்டுமென்றால் மறுபடி வாங்க வேண்டும். மாதச் சந்தா ஏதாவது ப்ளே ஸ்டோர் வழியாகப் போய்க்கொண்டிருந்தால், போனை மாற்றியதால் மட்டும் அது நிற்காது. நாம்தான் நிறுத்த வேண்டும். ஐபோனில் மெமரி கார்டு போட இடம் கிடையாது. கார்டில் இருக்கும் கல்யாண வீடியோவையும் பேரக்குழந்தையின் படங்களையும் முன்கூட்டியே வேறு இடத்தில் நகல் எடுக்க வேண்டும்.

இரண்டு சிம் வைத்திருப்பவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். இந்தியாவில் விற்கும் ஐபோன்களில் இரண்டு சிம் கார்டுகளைச் செருக முடியாது. இரண்டாவது எண்ணை இ-சிம்மாக மாற்றிக்கொள்ள வேண்டும். பாங்க் ஓடிபி எந்த எண்ணுக்கு வருகிறதோ, அந்த எண்ணைப் பத்திரமாகக் கையாள வேண்டும்.

ஜிபே, போன்பே போன்ற ஆப்களும் தானாக வந்து உட்காராது. புதுப் போனில் சிம்மைப் போட்டு, அதிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பி மீண்டும் பதிவு செய்ய வேண்டும். ஏடிஎம் கார்டைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இதையெல்லாம் பாங்க் லீவு நாளில் ஆரம்பிக்காமல் இருந்தால் பாதி பதற்றம் குறையும்.

மாறலாமா, வேண்டாமா?

வீட்டில் எல்லோரிடமும் ஐபோன் இருக்கிறது என்பது மட்டும் மாறுவதற்குக் காரணம் ஆகாது. வாட்ஸ்அப் வீடியோ காலுக்கு இரண்டும் ஒன்றுதான். சந்தேகம் வந்தால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு எந்தப் போன் தெரியும் என்பது அதைவிட முக்கியம். அந்த வகையில் மகள் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

நீண்ட நாள் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்பதற்காக ஐபோனுக்கு மாறியவர்கள் உண்டு. முன்பு அது பெரிய வித்தியாசமாக இருந்தது. இன்று கூகுள் பிக்ஸல் 8, சாம்சங் கேலக்ஸி எஸ்24 முதலான போன்களுக்கும் 7 வருட அப்டேட் அறிவிக்கப்பட்டிருக்கிறது. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றுக்கு அவ்வளவு காலம் கிடைப்பதில்லை. எனவே எந்தப் போன் வாங்கினாலும், அந்த மாடலுக்கு எத்தனை வருடம் அப்டேட் வரும் என்று கடையில் கேட்டுவிட வேண்டும்.

மாறுவது என்று முடிவானால் இன்னும் ஒன்று. பழைய போன் உயிரோடு இருக்கும்போதே மாற வேண்டும். முழுதாகச் செத்த பிறகு கடைக்கு ஓடினால், எடுப்பதற்கு எதுவும் மிஞ்சாமல் போகலாம். எக்ஸ்சேஞ்சில் சில ஆயிரம் குறைகிறதே என்று கடையிலேயே பழைய போனைக் கொடுத்துவிட்டு வருவதும் ஆபத்துதான். எல்லாம் வந்து சேர்ந்ததை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்த பிறகே அதைக் கைவிட வேண்டும்.

கும்பகோணத்து வீட்டில் அன்றைக்கு முடிவு எடுத்தது அம்மாதான். "அவர் குரல் வந்துச்சுன்னா மாறிக்கறேன். வரலைன்னா இதுக்கே பேட்டரி மாத்திக் குடுத்துடு."

அப்பாவின் குரல் செய்திகள் பழைய போனில் ஓடுகின்றனவா என்று மகள் முதலில் கேட்டுப் பார்த்தாள். அவற்றைத் தன் கம்ப்யூட்டரிலும் நகல் எடுத்து வைத்தாள். இரண்டு போன்களையும் சார்ஜில் போட்டு, பழைய போனில் அந்த ஆப்பை மூடாமல், யாரும் தொடாமல் விட்டார்கள். மாலை விளக்கு வைக்கிற நேரத்தில் வேலை முடிந்தது. சிம் மாறியது. வாட்ஸ்அப் திறந்தது.

அம்மா விரலால் மேலே தள்ளித் தள்ளிப் போய், ஓரிடத்தில் அழுத்தினார்.

'கடைத்தெருவுலதான் இருக்கேன், வேற ஏதாவது வாங்கணுமா?'

மூன்று பேரும் அதை முழுதாகக் கேட்டார்கள். பழைய போன் பீரோவுக்குள் போனது. "நாளைக்கு ஜிபே போட்டுக் குடு" என்று மகளிடம் சொல்லிவிட்டு, அம்மா கீரையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.