குப்பை லாரியும் சரக்குக் கிடங்கும்

குப்பை அள்ளும் கம்பெனி ஒன்று சரக்கு லாரியும் கிடங்கும் நடத்த முன்வந்தால் நம் அங்கத்தினர்களில் பலர் முகம் சுளிப்பார்கள். குப்பையைத் தொட்ட கை நெல்லையும் நூலையும் தொடுவதா என்பார்கள். அந்தப் பேச்சை நாம் ஏற்பதற்கில்லை. ஊரைத் துப்புரவு செய்கிறவர் எந்தத் தொழிலுக்கும் உரியவரே. ஆயினும் கையைப் பற்றிய அருவருப்பு வேறு, வண்டியைப் பற்றிய எச்சரிக்கை வேறு. பின்னதைக் குறித்தே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

ஜெர்மனியில் செல்ம் என்னும் ஊரில் 1934-ஆம் ஆண்டு ரெத்மான் குடும்பத்தார் தொடங்கிய தொழில், நாளடைவில் அத்தேசத்தின் பெரிய கழிவகற்றும் ஸ்தாபனமாக வளர்ந்தது. ரெமோண்டிஸ் என்பது அதன் இன்றைய பெயர். 1998-இல் அக்குடும்பத்தார் ரேனஸ் என்னும் சரக்குக் கம்பெனியை வாங்கினார்கள். இது 1912-இல் ஏற்பட்ட பழைய கம்பெனி. ரைன் நதியின் லத்தீன் பெயரே அதன் பெயர். இன்று இந்தியா உட்படப் பல நாடுகளில் அது தொழில் நடத்துகிறது.

இதில் வியப்பு ஒன்றுமில்லை. வண்டி, பாதை, எடை மேடை, இறக்கும் இடம் ஆகிய நான்கையும் சரிவர நிர்வகிப்பதே இரு தொழில்களுக்கும் அடிப்படை. பிரித்தெடுத்த காகிதமும் பழைய இரும்பும் ஆலைக்குப் போகும்போது அவையும் சரக்குத்தானே! ரெத்மான் குடும்பத்தார் கழிவுக்கு ஒரு கம்பெனி, சரக்குக்கு ஒரு கம்பெனி என்று தனித்தனியே வைத்திருக்கிறார்கள். நாம் கவனிக்கத்தக்கது இதுவே.

அவ்வாறு பிரித்து வைக்காவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவில் சாட்சியம் உண்டு. 1980-களின் இறுதியில், கிழக்குக் கரை நகரங்களுக்கு உணவுப் பண்டங்களைக் கொண்டுசென்ற லாரிகளில் சில, வெறுமையாகத் திரும்ப மனமின்றி, நகரக் குப்பையை ஏற்றி வந்து மத்திய மேற்கு மாநிலங்களில் கொட்டிவிட்டு, மறுபடியும் உணவை ஏற்றின என்ற செய்தி வெளியாயிற்று. ஒரே வண்டி, போகும்போது இறைச்சி, வரும்போது குப்பை! 1990-இல் அந்நாட்டுக் காங்கிரஸ் இதன்பொருட்டுச் சட்டம் இயற்றியது. ஆனால் உணவேற்றும் வண்டிகளின் சுத்தத்தைப் பற்றிய விரிவான விதிகள் வெளிவர 2016 ஆயிற்று. சட்டத்திற்கும் விதிக்கும் இடையே 26 ஆண்டுகள் கழிந்தன.

லாரிக்காரரின் ஆசை நமக்குப் புரியாததன்று. திரும்பும் வழியில் வாடகை கிடைக்காவிடில் டீசல் செலவு அவர் தலையில் விழுகிறது. அந்தச் செலவைத் தவிர்க்க அவர் செய்யும் காரியம் நம் மூட்டையின் தலையில் விழக்கூடாது என்பதே நம் வாதம். பாவு நூலில் எண்ணெய்க் கறை பட்டால் சாயம் சீராக ஏறாது. துணி துர்நாற்றத்தை எளிதில் பற்றிக்கொள்ளும். ஈரம் பட்ட நிலக்கடலையில் பூஞ்சணம் பிடிக்கும். அதன் நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. நஷ்டம் வந்தபின் எந்த வண்டியில் வந்தது என்று யாரிடம் கேட்பது?

ஆகவே இத்தகைய கம்பெனி குறைந்த வாடகை சொல்லிக்கொண்டு வந்தால், சங்கத்தின் நிர்வாகிகள் விலையை மட்டும் பார்த்துக் கையொப்பமிடலாகாது. கழிவு ஏற்றிய வண்டி நம் சரக்கை ஏற்றாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். ஒவ்வொரு லாரியின் முந்தைய சுமை என்ன என்பதைச் சீட்டில் குறிக்கச் செய்ய வேண்டும். கிடங்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றதா என்றும் விசாரிக்க வேண்டும். பதிவு பெற்ற கிடங்கின் ரசீதைக் கொண்டுதான் விவசாயி பாங்கியில் நம்பிக்கையோடு கடன் கேட்க முடியும். இவற்றிற்கு இசையாதவர் எவ்வளவு மலிவாகக் கேட்டாலும் அவருக்கு நம் கிடங்குச் சாவியைக் கொடுக்கலாகாது என்பது எமது அபிப்பிராயம். அடுத்த பொதுக்கூட்டத்தில் போக்குவரத்து ஒப்பந்தம் வாசிக்கப்படும்போது, முந்தைய சுமையைப் பற்றிய ஷரத்து எங்கே என்று அங்கத்தினர்கள் எழுந்து கேட்பார்களாக.