நிழல் நகரும், சங்கிலி நகராது

சித்திரை மாதத்து நாள் ஒன்றில், உறவினர் இல்லத் திருமணத்திற்காக நாம் குடும்பத்தோடு காலை எட்டு மணிக்கே புறப்பட்டோம். வீட்டைக் காக்க நாய் இருக்கிறது என்னும் நிம்மதி நமக்கு. கொல்லைப்புறத்து வேப்பமரத்திற்கு மேற்கே ஒரு கல்தூண் உண்டு. அவ்விடத்தில் அப்போது நல்ல நிழல் விழுந்திருந்தது. தூணில் நாயைக் கட்டி, அருகே ஒரு சட்டி நிறையத் தண்ணீரும் வைத்துச் சென்றோம். செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டதாகவே எண்ணினோம்.

பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்பி வந்தபோது நாய் கடும் வெயிலில் கிடந்தது. மரத்தின் நிழல் கிழக்கே போய்விட்டது. நிழலைத் தேடித் தூணைச் சுற்றிச் சுற்றி வந்ததில் சங்கிலி முறுக்கிக்கொண்டு ஒரு சாண் நீளமே எஞ்சியிருந்தது. தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து காய்ந்திருந்தது. எழுந்து நிற்கவும் அதற்கு வலுவில்லை. உடலெங்கும் நீரூற்றி, விசிறி, கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் சென்றோம். அது பிழைத்தது. ஆயினும் நம்மைக் கண்டதும் அந்நிலையிலும் அது வாலை அசைத்ததை நாம் மறக்க இயலவில்லை. குற்றம் வெயிலுடையதன்று, நம்முடையதே.

நமக்கு உடல் முழுவதும் வியர்த்து வெப்பம் தணிகிறது. நாய்க்கோ பாதங்களில் மட்டுமே சிறிது வியர்க்கும். நாவைத் தொங்கவிட்டு இளைப்பதே அது வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும் முக்கிய வழி. அதன் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். அது 106 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. ஆதலின் காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளையும் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்த பின்னரே நாய்க்கு இடம் அமைக்க வேண்டும். இரும்புத் தகடு வேய்ந்த கூண்டு கோடையில் அடுப்பாகிவிடும். தென்னங்கீற்றுக் கொட்டகையே குளிர்ச்சி. மழைநீர் புகாதபடி தரையைச் செங்கல் அடுக்கி உயர்த்துவது நன்று. கவிழாத கனமான கல்தொட்டிகளில், இரண்டு இடங்களில் தண்ணீர் வையுங்கள். வெப்பத்தால் நாய் தளர்ந்து விழுந்தால் பனிக்கட்டி வேண்டா. குளிர்ந்த நீரை உடலில் ஊற்றி, விசிறி, தாமதமின்றி மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

அடுத்து, கொல்லையை நாயின் உயரத்திலிருந்து காண வேண்டும். குந்தி அமர்ந்து ஒருமுறை சுற்றிப் பாருங்கள். வேலியோரத்து அரளியின் இலை, பூ, பட்டை அனைத்தும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. காய்ந்த சருகும் நஞ்சே. பொன்னரளிக் காய், ஆமணக்கு விதை, ஊமத்தை ஆகியனவும் அத்தகையனவே. எலி மருந்தும் செடிக்குத் தெளிக்கும் மருந்தும் எட்டாத இடத்தில் பூட்டி வைக்கப்பட வேண்டும். கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றுக்கு மூடி தேவை. விறகும் ஓலையும் குவிந்து கிடந்தால் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பும் வரும். சமைத்த எலும்பு, வெங்காயம் சேர்ந்த குழம்பு, திராட்சை ஆகியவற்றை நாய் உண்ணும் எச்சிலோடு கலக்கலாகாது.

உண்ணித் தொல்லைக்காகச் சிலர் பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நாயின்மேல் பூசுகின்றனர். அது நாயையே கொல்லக்கூடும். உண்ணி முட்டையிடுவது நாயின் உடலிலன்று, சுவர் விரிசல்களிலும் சந்துகளிலும் ஆகும். விரிசல்களைப் பூசி அடைத்து, நாய்க்குரிய மருந்தை மருத்துவரிடம் கேட்டுப் பயன்படுத்துவதே முறை.

இனி, சங்கிலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை எனப் பெயர்பெற்ற நம் நாட்டு நாய்கள் வேட்டைக்காக வளர்க்கப்பட்டவை. ஓடுவதே அவற்றின் இயல்பு. அத்தகைய உயிரை நாள் முழுதும் ஆறடிச் சங்கிலியில் நிறுத்தி வைத்தால், அது காவலுக்குரிய நாயாக அன்றி அஞ்சியும் சினந்தும் வாழும் நாயாகவே மாறும். தப்பியோட வழியில்லாத அச்சமே பல வேளை கடியாக வெளிப்படுகிறது. அவ்வேளையில் அருகே செல்வது பெரும்பாலும் நம் வீட்டுக் குழந்தையே அன்றோ! சுவரோரம் கட்டப்பட்ட நாய் சுவரைத் தாண்டிக் குதித்துக் கழுத்து இறுகி இறப்பதும் உண்டு. மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும், எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை நடமாட விடாதிருப்பதும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

வேலியைச் செப்பனிட்டு, அதன் அடியில் தோண்ட முடியாதபடி கல் பதித்து, படலைச் சாத்திவிட்டால் சங்கிலிக்கு வேலை குறைந்துவிடும். விருந்தினர் வரும்போது சிறிது நேரம் கட்டலாம். வீட்டில் எவரும் இல்லாதபோது கட்டவே கூடாது.

பாதுகாப்பு மட்டும் போதாது, மகிழ்ச்சியும் வேண்டும். பூச்செடிகளைத் தோண்டுகிறதென்று அடிப்பதைவிட, ஒரு மூலையில் மணல் கொட்டி அது தோண்டுவதற்கென்றே விட்டுவிடலாம். உணவில் ஒரு பகுதியைக் கொல்லையில் ஆங்காங்கே ஒளித்து வைத்தால் மோப்பம் பிடித்துத் தேடி மகிழும். காலையும் மாலையும் வெளியே நடத்திச் செல்லுங்கள். எவ்வளவு பெரிய கொல்லையாயினும் மனிதர் வராத கொல்லை நாய்க்குச் சிறையே. உண்ணும்போதும் உறங்கும்போதும் அதைத் தொடலாகாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாது போடுங்கள்.

அந்தக் கல்தூணில் இருந்த இரும்பு வளையத்தை நாம் கழற்றிவிட்டோம். மணற்குழியைப் பிள்ளைகளே அமைத்தனர். இப்போது நாய் காலையில் மரத்திற்கு மேற்கிலும் மாலையில் கிழக்கிலும் தானே இடம் மாறிப் படுத்துக்கொள்கிறது.

வருகிற ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு, உங்கள் நாயைக் கட்டும் இடத்தில் நீங்களே கால் மணி நேரம் அமர்ந்து பாருங்கள். அங்கே என்ன குறை என்பதை நாம் எழுதித் தெரிவிக்க வேண்டியதிராது.