புழுக்கு: ஓர் அயர்லாந்துச் சமையலும் நம் கூச்சமும்

கருங்குழி என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது, வள்ளலார் தண்ணீரால் விளக்கெரித்ததாகச் சொல்லப்படும் ஊர். அது வடலூருக்கு அருகில் உள்ளது. நாங்கள் சொல்ல வந்ததோ மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியைப் பற்றி. அங்கே நண்பர் ஒருவரின் வாடகை வீட்டில், மழை விடாது பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் நால்வர் கூடி அயர்லாந்துப் பாணியில் மாட்டிறைச்சி ஸ்ட்யூ சமைத்தோம். இலக்கியம் பேசக் கூடியவர்களுக்கு அடுப்படியில் என்ன வேலை என்று கேட்கலாம். அன்றைய அடுப்படியில் நிகழ்ந்த ஒரு சிறு விஷயம் எங்களை இன்றுவரை உறுத்துகிறது. அதற்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் சமையல். ஒரு கிலோ கறி. காலின் கீழ்த்தசையாக இருப்பது நல்லது. அது முரடுதான். ஆனால் அதிலுள்ள நாரும் சவ்வும் சிறுதீயில் மெல்லக் கரைந்துதான் சாற்றுக்குக் கொழகொழப்பைத் தருகின்றன. பெரிய துண்டுகளாக நறுக்கி, உப்பிட்டு, சூடான எண்ணெயில் சிறிது சிறிதாகப் போட்டுச் சிவக்க வறுத்தெடுக்க வேண்டும். அதே பாத்திரத்தில் நான்கு பெரிய வெங்காயம் வதக்கி, கறியைத் திரும்பச் சேர்த்து, ஒன்றரை லிட்டர் தண்ணீரும் ஒரு கைப்பிடி பார்லியும் இரண்டு உருளைக்கிழங்கும் சேர்த்து மூடிவிட வேண்டும். அந்த இரண்டு கிழங்கும் கரைந்து குழம்பைத் தடிக்கச் செய்யும். இரண்டு மணி நேரம் கழித்து மீதிக் கிழங்குகளும் கேரட்டும். பின்னும் முக்கால் மணி நேரம். அவர்கள் சேர்க்கும் தைம் இலைக்குப் பதிலாக நாங்கள் துளி ஓமத்தை நசுக்கிப் போட்டோம். இரண்டிலும் மணம் தருவது ஒரே பொருள்தான். அவர்களுடைய கருப்பு பியருக்குப் பதில் கடுந்தேநீரும் ஒரு துண்டு கருப்பட்டியும். குக்கரில் வைத்து இருபது நிமிடத்தில் முடித்துவிடலாமே என்ற யோசனையைப் பெரும்பான்மை வாக்கில் தோற்கடித்தோம்.

இந்த உணவுக்கும் கருங்குழிக்கும் உறவு இல்லாமலில்லை. 1759ஆம் ஆண்டின் இறுதியில் கருங்குழிக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைப்பற்றிய ஐர் கூட், அயர்லாந்தின் லிமரிக் பகுதியில் பிறந்தவர். அடுத்த சில வாரங்களில், 1760 ஜனவரி 22 அன்று, வந்தவாசியில் அவர் எதிர்கொண்ட பிரெஞ்சுத் தளபதி லாலியின் தந்தையும் ஓர் அயர்லாந்துக்காரரே. தம் மண்ணை இழந்த ஒரு சிறு தீவின் மக்கள், நம் மண்ணுக்காக இரு தரப்பிலும் நின்று பொருதியிருக்கிறார்கள். அந்தப் பாளையத்தில் மாட்டிறைச்சி வெந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. அதை வேகவைத்த கைகள் யாருடையவை? சென்னை மாகாணத்து வெள்ளையர் சமையலறைகளில் பெரும்பாலும் வேலை பார்த்தவர்கள், மாட்டிறைச்சியைத் தொட மறுக்காத ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். கருங்குழியிலும் அப்படியே இருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. அப்படியானால் இந்த ஊரில் முதல் ஐரிஷ் ஸ்ட்யூவைக் கிண்டியவர் ஒரு தமிழர்.

வேடிக்கை என்னவெனில், அயர்லாந்தின் பழைய ஸ்ட்யூ ஆட்டிறைச்சியால் ஆனது. அங்கே மாடு செல்வம். நம் மொழியிலும் மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்ற பொருள் உண்டு, வள்ளுவர் அப்பொருளில் ஆண்டிருக்கிறார். மாட்டை மேய்த்த அயர்லாந்து ஏழைக்குக் கிடைத்தது பாலும் மோரும், பின்னர் உருளைக்கிழங்கும். கார்க் துறைமுகத்தில் உப்பிட்டு அடைக்கப்பட்ட மாட்டிறைச்சி ஆங்கிலேயக் கடற்படைக்குப் போயிற்று. கிழங்குப் பயிர் அழுகி, 1845 முதல் 1852 வரை நீண்ட பெரும்பஞ்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டபோதும் கால்நடைகள் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தன. மாட்டை வளர்த்தவனுக்கு அதன் இறைச்சி மறுக்கப்பட்டது அங்கே. செத்த மாட்டைத் தூக்கியவனுக்கு அதைத் தின்னக் கொடுத்துவிட்டு, தின்றதற்காகவே அவனை ஒதுக்கிவைத்தது இங்கே. மாட்டிறைச்சிக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட 'தீண்டப்படாதவர்கள்' நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

இனி, அந்தச் சிறு விஷயம். மூன்றாம் மணி நேரத்தில் மணம் தெருவரை சென்றுவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா மதிற்சுவரருகே வந்து, "என்ன தம்பி, வாசனை தூக்குது?" என்றார். எங்களில் ஒருவர் சற்றும் யோசிக்காமல், "ஐரிஷ் ஸ்ட்யூங்க" என்றார். "ஓ, வெளிநாட்டுச் சமையலா!" என்று மகிழ்ந்து போய்விட்டார் அவர். நாங்கள் சிரித்தோம். வீட்டுக்குரிய நண்பர் மட்டும் சிரிக்கவில்லை. பின்னர் உண்ணும்போது சொன்னார்: "எங்க அம்மா இதைச் சமைக்கிறப்ப ஜன்னலைச் சாத்திட்டுத்தான் அடுப்பைப் பத்தவைப்பாங்க. அவங்களுக்கு இந்த இங்கிலீஷ் பேரு தெரியாமப் போச்சு."

நான்கு பேர் கவிதையும் கோட்பாடும் பேசும் இடத்தில் இதற்கு மறுமொழி இல்லை. பொய் சொன்னோம் என்பதல்ல எங்கள் குற்றம். சொன்னது உண்மையே. ஆனால் ஒரே கறிக்கு ஆங்கிலத்தில் நாகரிகமும் தமிழில் இழிவும் இருப்பதை நாங்கள் அறிந்தே பயன்படுத்திக்கொண்டோம்.

உயிர்க்கொலை கூடாதென்று எல்லா ஊனையும் மறுத்த வள்ளலாரின் வழி நிற்பவர்களோடு எங்களுக்கு வாதமில்லை. அந்தக் கருணைக்கு முன் தலை வணங்குகிறோம். ஆட்டையும் கோழியையும் மீனையும் உண்டு கைகழுவிவிட்டு, மாடு என்றதும் முகம் சுளிக்கிறவர்களோடுதான் வாதம். அந்தச் சுளிப்பில் இருப்பது சாதி. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் நடத்தவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டு பிரியாணிக்கு இடமில்லை என்றானதும் எதிர்ப்பு எழுந்து, விழாவே தள்ளிவைக்கப்பட்டதை நாம் மறந்திருக்க முடியாது. உலகுக்கு எருமை இறைச்சி ஏற்றுமதி செய்யும் முன்னணி நாடுகளில் ஒன்று நம்முடையது. கப்பலேறினால் அந்நியச் செலாவணி, தட்டில் விழுந்தால் தீட்டு.

ஸ்ட்யூ என்பதற்குத் தமிழில் சொல் இல்லையா என்றால், இருக்கிறது. வேகவைத்த இறைச்சியைப் புழுக்கு என்றனர் சங்கப் புலவர். பொருநராற்றுப்படையில் அது ஆட்டிறைச்சி. அகநானூற்றின் 309ஆம் பாட்டில், வேம்பின் அடியில் கொழுத்த ஆவைப் பலியிட்டு அதன் புழுக்கை உண்ணும் மழவர் வருகிறார்கள். அப்பாட்டை உரையோடு படித்துப் பெருமைப்படும் நாம், அதே உணவைச் சமைக்கும் வீட்டின் ஜன்னல் ஏன் சாத்தியிருக்கிறது என்று கேட்டதில்லை.

அடுத்த முறையும் கருங்குழியில்தான் கூடுவதாக இருக்கிறோம். அதே கறி, அதே மூன்று மணி நேரம், அதே ஓமம். பக்கத்து வீட்டு அம்மா கேட்டால், மாட்டுக்கறிப் புழுக்கு என்று சொல்வதாக முடிவு. அவர் முகம் சுளிக்கலாம். நண்பருக்கு வீட்டு உரிமையாளரிடமிருந்து சிக்கலும் வரலாம். ஆகவே முடிவை நண்பரிடமே விட்டோம். "சொல்லுவோம். ஜன்னலும் திறந்தே இருக்கட்டும்" என்றார் அவர்.