புத்தகத்துக்கும் ஒரு டிரெய்லர்!

சினிமாவுக்கு டிரெய்லர் உண்டு. சோப்புக்கு விளம்பரம் உண்டு. புத்தகத்துக்கு?

அதற்கும் உண்டு! அது இன்று நேற்று வந்ததும் அல்ல. ஏறக்குறைய 280 ஆண்டுகளாக இருந்து வருகிறது.

"புத்தகத்தை எடுத்துப் படி" என்று சொன்னால் குழந்தை ஓடி ஒளிகிறது. "இந்தக் கதையில் ஒரு பூதம் வருகிறது. அது என்ன செய்தது தெரியுமா?" என்று கேட்டால், அதே குழந்தை ஓடி வந்து மடியில் உட்கார்ந்து கொள்கிறது. புத்தகம் ஒன்றுதான். அழைத்த விதம்தான் வேறு.

இப்படி அழைப்பதுதான் விளம்பரம்.

எழுத்துக் கூட்டத் தெரிந்த குழந்தை வேறு. படிக்க ஆசைப்படும் குழந்தை வேறு. முதலாவது குழந்தை பரீட்சையோடு புத்தகத்தை மூடி விடும். இரண்டாவது குழந்தை ஆயுள் முழுவதும் படிக்கும். இன்று வீட்டுக்கு வீடு செல்போன் இருக்கிறது. குழந்தையின் கண்ணைப் பிடிக்க மிட்டாயும் பொம்மையும் விளையாட்டும் போட்டி போட்டு விளம்பரம் செய்கின்றன. புத்தகம் மட்டும் வாயை மூடிக்கொண்டு அலமாரியில் கிடந்தால், அதைத் தேடி யார் வருவார்கள்?

ஆகவே புத்தகத்துக்கும் விளம்பரம் வேண்டும். ஆனால் எப்படிப்பட்ட விளம்பரம்? கேள்வி அதுதான்.

பந்து வேண்டுமா, பந்து?

இங்கிலாந்தில் ஜான் நியூபெரி என்று ஒருவர் இருந்தார். 1713-ம் ஆண்டு ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தவர். லண்டனில் கடை வைத்தார். புத்தகம் அச்சிட்டு விற்றார். கூடவே மருந்தும் விற்றார்.

அந்தக் காலத்தில் சிறுவர்களுக்கு என்று அச்சான புத்தகங்களில் பெரும்பாலும் பாடமும் புத்திமதியும்தான் இருக்கும். "குழந்தைக்குப் புத்தி சொல்ல வேண்டும், அதோடு சிரிக்கவும் வைக்க வேண்டும்" என்று நினைத்தார் நியூபெரி.

1744-ம் ஆண்டு சட்டைப் பையில் அடங்கும் அளவுக்கு ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். விலை 6 பென்ஸ். இன்னும் 2 பென்ஸ் சேர்த்துக் கொடுத்தால், பையனுக்கு ஒரு பந்து கிடைக்கும். பெண் குழந்தைக்குக் குண்டூசி செருகி வைக்கும் சிறு பஞ்சு மெத்தை கிடைக்கும்!

அந்தப் பந்தில் ஒரு பக்கம் சிவப்பு; மறுபக்கம் கறுப்பு. பிள்ளை நல்லது செய்தால் சிவப்புப் பக்கத்தில் ஓர் ஊசி குத்த வேண்டும். கெட்டது செய்தால் கறுப்புப் பக்கத்தில் குத்த வேண்டும். பத்து ஊசியும் சிவப்புப் பக்கம் வந்துவிட்டால் ஒரு பென்னி பரிசு. பத்தும் கறுப்புப் பக்கம் போய்விட்டால் பிரம்பு!

எப்படி இருக்கிறது யோசனை? பந்தை வைத்துக் குழந்தையைப் பிடித்தார். நன்னடத்தையைச் சொல்லிப் பெற்றோரைப் பிடித்தார். இருவரும் கடைக்கு வந்தார்கள்.

சிறுவர் புத்தகத்தை ஒரு பெரிய தொழிலாக வளர்த்தவர் என்று நியூபெரியை இன்றும் உலகம் போற்றுகிறது. அமெரிக்காவில் சிறந்த சிறுவர் புத்தகத்துக்கு 1922-ம் ஆண்டு முதல் அவர் பெயரால் பதக்கம் வழங்குகிறார்கள்.

கதைக்குள் மருந்துக் கடை!

ஆனால் அதே நியூபெரி இன்னொரு காரியமும் செய்தார்.

1765-ம் ஆண்டு அவர் ஓர் ஏழைச் சிறுமியின் கதையை வெளியிட்டார். அவளுக்கு முதலில் ஒரே ஒரு செருப்புதான் இருந்தது. பிறகு ஒரு ஜோடி கிடைத்ததும் துள்ளிக் குதிக்கிறாள். அந்தச் சிறுமியின் தந்தை கதையின் தொடக்கத்திலேயே காய்ச்சலில் இறந்து போகிறார். ஏன் இறந்தார்? ஜேம்ஸ் டாக்டரின் காய்ச்சல் பொடி கிடைக்காத ஊரில் அவர் நோயுற்றாராம்!

அந்தப் பொடி எங்கே கிடைக்கும்? நியூபெரியின் கடையில்!

தகப்பனை இழந்த குழந்தையின் கண்ணீருக்கு நடுவிலும் ஒரு மருந்து விளம்பரம். குழந்தைக்கு அது விளம்பரம் என்று தெரியாது. கதை என்று நம்பும். பொடி வாங்கவில்லை என்றால் நம் அப்பாவும் இறந்து விடுவாரோ என்று பயப்படும்.

புத்தகத்தைப் படிக்க அழைக்கும் விளம்பரம் வேறு. புத்தகத்துக்குள் ஒளிந்து கொண்டு வேறு பொருளை விற்கும் விளம்பரம் வேறு. முதலாவது விருந்துக்கு அழைப்பு. இரண்டாவது தூண்டில் புழு. ஒரே மனிதர் இரண்டையும் செய்தார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம்.

மீண்டும் முருங்கை மரம்

தமிழ்ச் சிறுவர்களுக்குப் பந்து கொடுக்கத் தேவை இருக்கவில்லை. அவர்களுக்கு ஒரு வேதாளம் போதுமாக இருந்தது!

1947-ம் ஆண்டு 'அம்புலிமாமா' பிறந்தது. அதில் வந்த விக்கிரமாதித்தன் கதையைத் தாத்தாக்களும் பாட்டிகளும் இன்றும் சொல்வார்கள். அரசன் தோளில் வேதாளம். வேதாளம் ஒரு கதை சொல்லும். கடைசியில் ஒரு கேள்வி போடும். அரசன் சரியான பதில் சொல்வான். வாய் திறந்து மவுனம் கலைந்ததால் வேதாளம் மறுபடியும் மரம் ஏறிவிடும்.

கதை முடிந்தது, ஆனால் முடியவில்லை! அடுத்த மாதம் அரசன் திரும்பவும் மரத்துக்குப் போயாக வேண்டும். படிக்கிற பிள்ளையும் கடைக்குப் போயாக வேண்டும். இதைவிடச் சிறந்த டிரெய்லர் எது?

1972-ம் ஆண்டு சிவகாசியிலிருந்து 'முத்து காமிக்ஸ்' வந்தது. 'இரும்புக்கை மாயாவி' என்ற வீரனோடு தொடங்கியது. 1984-ல் 'லயன் காமிக்ஸ்' வந்தது. கதைக்குள் என்ன வருகிறது என்று பார்ப்பதற்கு முன்பே, அடுத்து வரப்போகும் கதையின் விளம்பரத்தைப் புரட்டிப் பார்த்த பையன்கள் ஏராளம். ஒரு படம், ஒரு பெயர், இரண்டு வரி. அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஒரு மாதம் முழுவதும் பள்ளிக்கூடத்து மரத்தடியில் பேசுவார்கள்.

பெரியவர்கள் மட்டும் இதற்கு விலக்கா? கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950-ம் ஆண்டு முதல் வாரா வாரம் தொடராக வந்தபோது, "தொடரும்" என்ற ஒரு சொல் தமிழ்நாட்டுக் குடும்பங்களைக் காத்திருக்க வைத்தது. 2022-ம் ஆண்டு அந்தக் கதை திரைப்படமாக வந்தது. திரையில் வந்தியத்தேவன் குதிரை ஏறியதைப் பார்த்தவர்கள், பிறகு புத்தகக் கடைக்குப் போய் ஐந்து பாகங்களையும் தேடினார்கள். படத்துக்குப் போட்ட டிரெய்லர் புத்தகத்துக்கும் டிரெய்லர் ஆனது!

நள்ளிரவில் வரிசை

'ஹாரி பாட்டர்' கதையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது.

2000-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி அதன் நான்காம் புத்தகம் வெளிவந்தது. வெளிவரும் சில நாட்களுக்கு முன்பு வரை புத்தகத்தின் பெயரையே சொல்லவில்லை. விற்பனை தொடங்கிய நேரம் நள்ளிரவு! தூங்க வேண்டிய பிள்ளைகள் மந்திரவாதி உடை அணிந்து, கடை வாசலில் தாய் தந்தையோடு வரிசையில் நின்றார்கள்.

2007-ம் ஆண்டு ஜூலை 21-ந் தேதி ஏழாம் புத்தகம் வந்தது. அமெரிக்காவில் மட்டும் முதல் 24 மணி நேரத்தில் 83 லட்சம் பிரதிகள் விற்றன. அமெரிக்கப் பதிப்பில் 750 பக்கங்களுக்கு மேல்! "இந்தக் காலத்துப் பிள்ளைகள் பெரிய புத்தகம் படிப்பதில்லை" என்று சொன்னவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

எல்லாம் விளம்பரத்தின் மகிமையா?

இல்லை. 1997-ம் ஆண்டு முதல் புத்தகம் வந்தபோது கெட்டி அட்டையில் அச்சடித்தது வெறும் 500 பிரதிகள்தான். அன்று நள்ளிரவு வரிசை இல்லை. படித்த பிள்ளை படிக்காத பிள்ளையிடம் சொன்னது. அந்தப் பிள்ளை இன்னொரு பிள்ளையிடம் சொன்னது. முதலில் கதை பிடித்தது. பிறகுதான் விளம்பரம் எடுபட்டது. கதை நன்றாக இல்லாவிட்டால், நள்ளிரவில் வந்த பிள்ளை அடுத்த முறை பகலில்கூட வந்திருக்காது!

பிள்ளை சொன்னால் பிள்ளை கேட்கும்

பிள்ளைகளின் பேச்சுக்கு இவ்வளவு வலிமை உண்டு என்பதை அமெரிக்காவில் ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சி நன்றாகப் பயன்படுத்தியது.

கோடை விடுமுறையில் பிள்ளைகள் படிப்பதை விட்டுவிடுகிறார்கள் என்ற கவலையில் 1983-ம் ஆண்டு அந்த நிகழ்ச்சி தொடங்கியது. பெயர் 'ரீடிங் ரெயின்போ'. லெவார் பர்ட்டன் என்ற நடிகர் நடத்தினார். ஒரு கதையைப் படங்களோடு படித்துக் காட்டுவார்கள். கடைசியில் பிள்ளைகளே வந்து, தாங்கள் படித்த புத்தகத்தைப் பற்றிச் சொல்வார்கள். "என் பேச்சை நம்ப வேண்டாம், இவர்களைக் கேளுங்கள்" என்பதுதான் நடிகரின் பாணி. அந்த நிகழ்ச்சி 20 ஆண்டுகளுக்கு மேல் நடந்தது.

இப்போது பல நாடுகளில் பள்ளிக்கூடங்களிலும் நூலகங்களிலும் பிள்ளைகளே புத்தகத்துக்கு டிரெய்லர் தயாரிக்கிறார்கள். ஒரு நிமிடம் அல்லது இரண்டு நிமிடம் ஓடும் சிறு படம் அது. சில படங்கள், கொஞ்சம் இசை, ஒரு கேள்வி. முக்கியமான இடத்தில் சட்டென்று நிறுத்தி விடுவார்கள்.

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. டிரெய்லர் தயாரிக்க வேண்டுமானால் புத்தகத்தை முழுவதும் படிக்க வேண்டும். எது முக்கியம் என்று தெரிய வேண்டும். எதைச் சொல்லக் கூடாது என்றும் தெரிய வேண்டும். பார்க்கிற பிள்ளைக்கு அது விளம்பரம். செய்கிற பிள்ளைக்கு அதுவே பாடம்!

பரிசு கொடுக்கலாமா?

"ஒரு புத்தகம் படித்தால் பத்து ரூபாய் தருகிறேன்." இப்படிச் சொல்லும் தந்தைமாரும் உண்டு. நியூபெரியின் பந்தும் ஏறக்குறைய இதுதான்.

1973-ம் ஆண்டு அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி வெளியானது. மழலைப் பள்ளியில் படம் வரைவதில் ஆசை உள்ள குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலரிடம், "படம் வரைந்தால் பரிசுப் பத்திரம் உண்டு" என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். சிலருக்குப் பரிசே இல்லை.

சில நாட்கள் கழித்துப் பார்த்தபோது ஓர் ஆச்சரியம்! பரிசுக்காக வரைந்த குழந்தைகள், மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதி அளவுதான் வரைந்தார்கள். ஆசையாகச் செய்தது கூலி வேலையாக மாறிவிட்டது. கூலி நின்றதும் வேலையும் குறைந்தது.

அது படம் வரைவதைப் பற்றிய ஆராய்ச்சி. ஆனாலும் படிப்புக்கும் அது ஓர் எச்சரிக்கை. ஏற்கனவே ஆசையோடு படிக்கிற பிள்ளைக்குப் பணம் காட்டுவது, கொழுந்து விட்ட செடிக்கு வெந்நீர் ஊற்றுவது போல. கதை என்ன ஆகுமோ என்ற ஆவல்தான் உண்மையான பரிசு. அந்த ஆவலைத் தூண்டுவதே நல்ல விளம்பரம். பந்தைக் காட்டினால் பிள்ளை பந்தை எடுத்துக்கொண்டு ஓடும். பூதத்தைக் காட்டினால் பூதத்தைத் தேடிப் புத்தகத்துக்குள் போகும்.

செலவில்லாத டிரெய்லர்

இப்படி ஆவலைத் தூண்டக் கம்பெனியும் வேண்டாம், காமிராவும் வேண்டாம். ஒரு குரல் போதும்.

இரவு சாப்பாடு முடிந்ததும் தாய் ஒரு கதைப் புத்தகத்தை எடுக்கட்டும். இரண்டு பக்கம் வாய்விட்டுப் படிக்கட்டும். சிங்கம் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் இடம் வந்ததும், "அடுப்பில் பால் வைத்திருக்கிறேன்" என்று எழுந்து போகட்டும். புத்தகத்தைப் பூட்டி வைக்கக் கூடாது. பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும். பால் பொங்குவதற்குள் பிள்ளை புத்தகத்தைத் திறந்திருக்கும்!

வேகமாகப் படிக்க வராத தாய் தந்தையர் வெட்கப்பட வேண்டியதில்லை. எழுத்துக் கூட்டிப் படித்தாலும் கதை கதைதான். "எனக்கு இந்தச் சொல் வரவில்லை, நீ படித்துச் சொல்" என்று பிள்ளையிடம் கேட்டால் அதுவும் நல்லதே. அப்பாவுக்கே படித்துக் காட்டிய பெருமையில் பிள்ளை இன்னும் நான்கு பக்கம் படிக்கும்.

புத்தகம் வாங்கப் பணம்?

அதற்கும் வழி இருக்கிறது. சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948-ம் ஆண்டே வந்துவிட்டது. அதற்குப் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். ஒவ்வொரு வாசகருக்கும் புத்தகம் கிடைக்க வேண்டும்; ஒவ்வொரு புத்தகத்துக்கும் வாசகரைத் தேடித் தர வேண்டும் என்பது 1931-ல் அவர் எழுதிய விதிகளில் அடக்கம். அந்தச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலாகிறது. அதாவது, நூலகத்தில் இருக்கும் புத்தகத்துக்கு மக்கள் ஏற்கனவே பணம் கட்டி விட்டார்கள்! எடுத்துப் படிப்பதுதான் பாக்கி.

நூலகங்களும் ஒன்று செய்யலாம். சிறுவர் புத்தகங்களை முதுகு மட்டும் தெரியும்படி அடுக்காமல், அட்டைப் படம் தெரியும்படி நிறுத்தி வைக்கலாம். படித்த பிள்ளையிடம் இரண்டு வரி எழுதி வாங்கிப் பக்கத்தில் ஒட்டலாம். பள்ளிக்கூடங்களில் காலை வணக்கம் முடிந்ததும் ஒரு மாணவன் ஒரு நிமிடம் தான் படித்த கதையைச் சொல்லலாம். முடிவை மட்டும் சொல்லக் கூடாது!

விளம்பரம் வாசல் வரை அழைத்து வரும். உள்ளே சோறு போட வேண்டியது புத்தகம். இலையில் நல்ல விருந்து இருந்தால், மறுநாள் யாரும் அழைக்க வேண்டியதில்லை. பிள்ளை தானே வந்து உட்காரும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் பள்ளிக்கூடம் இல்லை. ஒரு கதையைப் பாதி சொல்லி நிறுத்த இதைவிட நல்ல நாள் வேறு எது?