தாளம் போடலாம், காது பத்திரம்!
‘ஐம்பது வயசுக்கு மேலே மியூசிக் வருமா டாக்டர்?’ என்கிறார்கள். தாராளமாய் வரும்! ஆனால் எடுத்த எடுப்பில் கீபோர்டு, டிரம் மெஷின் என்று கடையையே வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். ஸ்வீடனின் டீனேஜ் எஞ்சினியரிங் கம்பெனி 2018-ல் விட்ட பி.ஓ. 33 சாம்ப்ளர், கால்குலேட்டர் அளவுதான். இரண்டு சின்ன பேட்டரி போதும். உள்ளேயே மைக், குக்கர் விசிலையோ பேரன் சிரிப்பையோ பிடித்துத் தாளமாக்கலாம். கொள்ளளவு 40 விநாடிதான். குறைச்சலா? இருப்பதை வைத்து விளையாடத் தோன்றுமே! ஆறு மாசம் அது ஒன்றே போதும்.

என் கவலையெல்லாம் ஹெட்போன்தான். 80 டெசிபல் சத்தம் வாரம் 40 மணி நேரம் வரை பரவாயில்லை, 90 என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உட்காதின் நுண்மயிர் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. எங்கள் சித்த வைத்தியத் தைலம் எதுவும் அதைத் திருப்பித் தராது. ஹெட்போன் மாட்டியிருக்கும்போது வீட்டில் கூப்பிட்டால் காதில் விழணும். விழவில்லையா, சத்தத்தைக் குறையுங்கள்.