மனிதனைப் பாலமாக்காதீர்

காற்பந்தைப் பற்றி இலக்கிய ஏட்டில் எழுதலாமா என்று முகஞ்சுளிப்போர் நம்மிடையே உளர். இலக்கியத்தை நாம் கற்றதே சொற்களின் பின்னால் ஒளிந்திருக்கும் அதிகாரத்தைக் காண்பதற்குத்தான் என்றால், விளையாட்டுப் பக்கங்களில் வெகு இயல்பாய்ப் புழங்கும் ஒரு சொல்லை விசாரிக்கும் உரிமையும் நமக்கு உண்டு. அந்தச் சொல் 'பாலம்'. அதைச் சுமக்க நேர்ந்தவர் அப்பாஸ் சுவான் என்னும் ஓய்வுபெற்ற இஸ்ரேலிய ஆட்டக்காரர்.

2005 மார்ச் 26. ராமத் கான் அரங்கில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம். நான்காம் நிமிடத்திலேயே அயர்லாந்து ஒரு கோல் போட்டுவிட்டது. தொண்ணூறாம் நிமிடம் வரை இஸ்ரேலுக்குப் பதில் இல்லை. அப்போது சுவான் தொலைவிலிருந்து உதைத்த பந்து வலைக்குள் சென்றது. அரங்கம் அதிர்ந்தது. நான்கு நாட்களுக்குப் பின் பிரான்சுக்கு எதிராகவும் அதே 1-1. அன்று சமன்செய்தவர் வாலித் பதிர். இருவரும் இஸ்ரேலின் அரபுக் குடிமக்கள்.

அதன்பின் எழுந்த கதையாடலை நாம் அறிவோம். இரு இனங்களை இணைத்த பாலம், சகவாழ்வின் சின்னம், மைதானம் சாதித்ததை அரசியல் சாதிக்கவில்லை என்றெல்லாம் எழுதிக் குவித்தார்கள். 'அரபியர் இல்லையேல் குண்டுவெடிப்பு இல்லை' என்னும் வெறுப்பு முழக்கத்தைத் திருப்பிப்போட்டு, 'அரபியர் இல்லையேல் கோலும் இல்லை' என்று நல்லெண்ணத்தார் சொல்லி மகிழ்ந்தனர். இரண்டு வாக்கியங்களின் இலக்கணத்தையும் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டுகிறோம். முதலாவது அரபியனால் விளையும் தீங்கைக் கணக்கிடுகிறது. இரண்டாவது அவனால் விளையும் பயனைக் கணக்கிடுகிறது. கணக்குப் புத்தகம் ஒன்றுதான். கோல் போடாத அரபியன், மூட்டுவலியோடு ஒலிவம் பறிக்கும் அரபியன், இந்தக் கணக்கில் எந்தப் பத்தியில் வருவான்?

அக்கோலுக்கு ஏறத்தாழ ஆறு வாரம் முன்னர், 2005 பிப்ரவரியில், ஜெருசலேமில் குரோவேஷியாவுக்கு எதிரான நட்புமுறை ஆட்டத்தில் சுவான் பந்தைத் தொட்டபோதெல்லாம் சொந்த நாட்டு ரசிகர்களே ஊளையிட்டார்கள். கோல் விழுந்த பின்னராவது அவர்கள் மனம் மாறினரா? பெய்தார் ஜெருசலேம் அணியின் ரசிகர்கள், அவர் தங்கள் பிரதிநிதி அல்லர் என்று பதாகை பிடித்தார்கள். பாலம் கட்டியாயிற்று என்று ஏடுகள் எழுதிக்கொண்டிருந்த அதே நாட்களில்தான் இது.

சுவான் பிறந்தது 1976 ஜனவரியில், கலிலேயப் பகுதியின் சக்னின் ஊரில். அவர் கைக்குழந்தையாயிருந்த அவ்வாண்டு மார்ச் 30 அன்று, கலிலேயாவில் அரசு நிலம் கையகப்படுத்துவதை எதிர்த்து நடந்த பொது வேலைநிறுத்தத்தில் அரபுக் குடிமக்கள் அறுவர் கொல்லப்பட்டனர். அவர்களுள் மூவர் சக்னின் ஊரினர். ஆண்டுதோறும் 'நில தினம்' என அனுசரிக்கப்படுவது அந்நாளே. பதிர் பிரான்சுக்கு எதிராகக் கோல் போட்டதும் ஒரு மார்ச் 30 அன்றுதான். அவருடைய ஊர் கஃபர் காசிம். 1956 அக்டோபரில், ஊரடங்கு நேரம் மாற்றப்பட்டதை அறியாமல் வயலிலிருந்தும் வேலையிலிருந்தும் வீடு திரும்பியவர்களை இஸ்ரேலிய எல்லைக் காவலர்கள் சுட்டுக்கொன்ற ஊர் அது. இவ்விரு ஊர்ப்பெயர்களையும் சொல்லாமல் அவ்விரு கோல்களை மட்டும் கொண்டாடுவது எவ்வகை வாசிப்பு?

சுவான் தலைமையேற்ற பினே சக்னின் அணி 2004இல் ஹப்போயல் ஹைஃபாவை 4-1 என வென்று இஸ்ரேலின் தேசியக் கோப்பையைக் கைப்பற்றியது. அரபு ஊர் ஒன்றின் அணி அக்கோப்பையை வென்றது அதுவே முதல்முறை. வென்ற ஊரில் முதல்தரப் பிரிவுக்குத் தகுந்த அரங்கம் இல்லை. பின்னர் எழுந்த அரங்கத்தின் பெயர் 'தோஹா'. கத்தார் நாட்டுப் பணம் அதற்கு வேண்டியிருந்தது. தன் குடிமக்களின் ஊருக்கு ஒரு மைதானம் தராத அரசுக்கு, அவ்வூர்க்காரரின் கோல் மட்டும் தேசத்தின் பெருமிதமாகிவிடுகிறது.

தேசிய கீதம் ஒலிக்கையில் சுவான் பாடுவதில்லை, மௌனமாக நிற்பார். யூத ஆன்மாவின் ஏக்கத்தைப் பேசும் பாடலை யூதரல்லாதவர் எந்த வாயால் பாடுவார்? மக்கள் தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இடமில்லாத பாடல் அது. ஆனாலும் கேள்வி பாடலை நோக்கி எழுவதில்லை, அவருடைய உதடுகளை நோக்கியே எழுகிறது. ஆயுத அரங்கேற்றத்தில் வில்லைக் காட்டிய கர்ணனிடம் குலத்தைக் கேட்ட அதே குரல்தான் இது.

அடையாளங்களுக்கும் ஒரு பயன் உண்டே, பிஞ்சு மனங்களை அவை மாற்றாவா என்று நண்பர்கள் கேட்கலாம். அன்றைய அரங்கின் ஆரவாரம் போலியன்று. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஆரவாரம் சட்டமாகவில்லை. 1976இலேயே யாஃபாவின் ரிஃபாத் துர்க் தேசிய அணிச் சட்டையை அணிந்துவிட்டார். முதல் அரபு ஆட்டக்காரர் என்று அவரையும் கொண்டாடினார்கள். அதன்பின் நாற்பதாண்டுக்கு மேல் சென்று, 2018 ஜூலையில் நிறைவேறிய தேச அரசுச் சட்டம் தேசிய சுயநிர்ணய உரிமையை யூதர்க்கு மட்டும் உரியதாக்கியது; ஆட்சிமொழியாயிருந்த அரபியைச் 'சிறப்பு நிலை' என்னும் தாழ்வாரத்துக்கு நகர்த்தியது. இடையில் 2013இல், செச்சென்ய முஸ்லிம்கள் இருவரைச் சேர்த்த குற்றத்துக்காகப் பெய்தார் அணியின் அலுவலகம் தீவைக்கப்பட்டது. எந்தப் பாலத்தின் வழியே யார் எங்கே சென்று சேர்ந்தார்கள்?

எதிர்த்தரப்பின் தூய்மைவாதத்தோடும் நமக்கு உடன்பாடில்லை. அந்தச் சட்டையை அணிந்ததே துரோகம் என்போரும் அவரைக் குறியீடாகத்தான் பார்க்கிறார்கள். தன் திறனால் தன் நாட்டு அணியில் இடம்பெற்ற ஒருவரிடம் இருதரப்பும் செஞ்சோற்றுக்கடனை வசூலிக்க வருகின்றன.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தக் கோல் இஸ்ரேலை உலகக் கோப்பைக்குக் கொண்டுசெல்லவில்லை. பத்து ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல், நான்கில் வென்று, ஆறில் சமன்செய்து, பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் பின்னே மூன்றாமிடத்தில் அந்த அணி நின்றுவிட்டது. ஆட்டமாகப் பார்த்தால் எவ்வளவு துயரமும் அழகும் உடைய கதை! சக்னின் சிறுவன் ஒருவன் தொண்ணூறாம் நிமிடத்தில் துணிந்து உதைத்த உதையை உதையாகவே ரசிக்க நாம் கற்றிருந்தால் போதுமாயிருந்தது. விளிம்பிலிருந்து எழுதும் கவிஞரின் கவிதையை விட்டுவிட்டு அவருடைய 'பிரதிநிதித்துவத்தை' மட்டும் விமர்சிக்கப் பழகிவிட்ட நம் இலக்கிய உலகத்துக்கும் இதில் பாடம் உண்டு.

பாலம் என்பது பிறர் மிதித்துச் செல்வதற்காகக் கட்டப்படுவது. அதற்குத் தன் ஊர் கிடையாது. இரு கரைகளிலும் அது எதுவுமாக இருப்பதில்லை. அப்பாஸ் சுவானுக்கு ஊர் உண்டு. அதன் பெயர் சக்னின்.